இரட்டைக் காவல்

சொடுக்குக்காரர் வீடு எது என்று கேட்டால், அந்த அடுக்ககத்தில் லிஃப்ட்டே கொண்டுபோய் விட்டுவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வார நாட்களில் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கோப்புப் பிரிவில் தலைமை எழுத்தர். விடுமுறை நாட்களில் ‘ஒரு சொடுக்கு’ என்ற சேனலுக்கு முதலாளி, தொழிலாளி, நடிகர் எல்லாம் அவரே. பற்பசைப் பெட்டியின் மூலையை வெட்டிக் கைப்பேசிக்குத் தாங்கி செய்வது, துணிக்குப் போடும் கிளிப்புகளால் மேசை விளிம்பில் வயர்களை வரிசையாகக் கவ்வ வைப்பது, பழைய டூத்பிரஷ்ஷால் கீபோர்டின் இடுக்குகளைச் சுத்தம் செய்வது என்று அவர் சொல்லாத வித்தை இல்லை. கணினிப் பித்துப் பிடித்த ஒரு பெருங்கூட்டம் அவருடைய குறிப்புகளுக்காகக் காத்துக் கிடந்தது.

அவருடைய குறிப்புகளில் பொய் கிடையாது. எதையும் முதலில் தம் வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் ஊருக்குச் சொல்வார். ஆகவே அவருடைய மனைவியும் மகளும் அந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதைவிட, அவருடைய குறிப்புகளுக்குள் குடியிருந்தார்கள் என்பதே பொருத்தம். வெளியே கிளம்பும்போது ரூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நெடும்பயணம் போகிறவர்கள் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுக்கொண்டால் சார்ஜ் மிச்சமாகும். மனைவியின் கைப்பேசி, அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் மூச்சு விடாது; வண்டி ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாது என்று அவரே அப்படி அமைத்துக் கொடுத்திருந்தார். மாதம் பிறந்தால் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். அது தமிழ்ச் சொல்லாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

“நம்ம சொல்ல ஆங்கில எழுத்துல எழுதினா ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க. ‘வாழ்க்கை’ன்னு எழுதச் சொல்லுங்க பாப்போம். ஒருத்தர் ‘இசட் எச்’ போடுவார், ஒருத்தர் ‘எல்’ போடுவார், இன்னொருத்தர் ‘கே’யை ரெண்டு தடவ அழுத்துவார். திருடன் வாழ்க்கையே முடிஞ்சிரும், ஆனா அவனுக்கு ‘வாழ்க்கை’ கிடைக்காது!” என்று அவர் பேசிய காணொளிக்குச் சிரிப்புக் குறிகள் மழையாகப் பொழிந்தன.

வீட்டின் கடைசி அறைதான் அவருடைய படப்பிடிப்புக் கூடம். நான்கு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகைகளை ஒட்டியிருந்தார். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. கைப்பேசி அலைகளால் மைக்கில் ‘உர்ர்’ என்ற இரைச்சல் விழுந்ததைக் கண்டு, பஞ்சுக்கு அடியில் அலுமினியத் தாளையும் விரித்திருந்தார். இருந்த ஒரே ஜன்னல் கட்டடத்தின் நடுவே இறங்கும் குறுகலான காற்றுச் சந்தைப் பார்த்தது. அதற்கும் இரும்புக் கம்பி. கம்பிக்கு மேல் பஞ்சு. எலி புகுந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட வேண்டும் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

அன்று அவருடைய ஒரே மகள் அம்மு தொலைதூர நகரமொன்றுக்கு வேலைக்குப் புறப்படும் நாள். மாலையில் ரயில். போனால் வருடம் திரும்பித்தான் முதல் விடுப்பு. சில வாரங்களாகவே அவள், “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்” என்று அவரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவர் அப்போதெல்லாம் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டோ, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டோ இருந்தார். முதல் நாள் மாலை மனைவி முறைத்த முறைப்பில்தான் ஒருவழியாக இறங்கிவந்தார்.

“நாளைக்கு ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுவோம். ஒரு பெஞ்சுல நீயும் நானும் மட்டும். நீ பேசு, நான் கேக்கறேன். போனைத் தொட மாட்டேன்.”

“சத்தியமா?”

“கீபோர்டு மேல சத்தியம்.”

அம்மு சிரித்துவிட்டாள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை அவள் எவ்வளவு பெரிதாக மடித்து மனத்தில் வைத்துக்கொண்டாள் என்பது, அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்காததிலிருந்து தெரிந்தது.

மறுநாள் காலை, பூட்டு நிறுவனம் ஒன்று அனுப்பியிருந்த புதிய மின்பூட்டைப் பற்றிய காணொளியை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும் என்று அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது, மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“இன்னிக்கேவாங்க?”

“கால் மணி வேலைம்மா. நீங்க ரெண்டு பேரும் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு அப்படியே ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. பெரிய பெட்டிய நான் டாக்சியில தூக்கிட்டு வந்துடறேன்.”

“அதுலதான் அவ சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. மறந்துட்டு மைக்கைத் தூக்கிட்டு வந்துடாதீங்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளைன்னா அடிச்சாவது திருத்தலாம்” என்று சொல்லிக்கொண்டே அவள் சாவியைத் தேடப் போனாள்.

அந்தப் பூட்டு கூடத்தின் கதவில் ஒரு வாரமாகவே ஏறி உட்கார்ந்திருந்தது. வெளிப்பக்கம் ஓர் எழுத்துப் பலகை, உள்பக்கம் ஓர் எழுத்துப் பலகை. சாதாரணமாக உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினால் திறந்துவிடும். ‘இரட்டைக் காவல்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் மட்டும், உள்ளே இருப்பவரும் பாஸ்வேர்டை அடித்தால்தான் வெளியே வர முடியும். அதுதான் அதன் சிறப்பு. மாதம் பிறந்துவிட்டதால் அதன் பாஸ்வேர்டை மாற்றும் பொறுப்பை அவர் மகளிடம் கொடுத்திருந்தார். தாமே மாற்றினால் பழக்கதோஷத்தில் பழைய சொல்லுக்கே போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும். அவள் தன் கைப்பேசியிலிருந்தபடியே மாற்றிவிட்டு, கிளம்பும் முன் கூடத்தின் வாசலில் வந்து நின்றாள். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார்.

“பாஸ்வேர்டு மாத்திட்டேம்பா. என்னன்னு சொல்லட்டா?”

“அப்பறம் அம்மு, அப்பறம்.”

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு நெளிந்தது.

“ஆமாம்பா. அதேதான்” என்றாள்.

அதேதான் என்றால் பழையதுதான் போலிருக்கிறது, பிள்ளைக்கு இன்று மாற்ற நேரமில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார். ஹெட்போன் திரும்பவும் காதை மூடியது. வெளியே மனைவி ரூட்டரை அணைக்கும் ஓசையும், வாசற்கதவைச் சாத்தும் ஓசையும் அவரை எட்டவில்லை.

காமிராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. “நேயர்களே, இப்ப நான் உள்ள இருக்கேன். வெளிய ஒரு திருடன் இருக்கான்னு வெச்சுக்கோங்க. அவன் வர முடியாது. சரி, உள்ள ஒரு திருடன் இருந்தா? அவன் போக முடியாது! இதோ, இரட்டைக் காவல்.” பொத்தானை அழுத்தினார். பூட்டின் வயிற்றுக்குள் இரண்டு நாக்குகள் ‘டக், டக்’ என்று நீண்டன. “பலமா இருக்கில்ல? இப்ப நான் என் சொல்லை அடிக்கிறேன்.” விரல் பழக்கத்தில், ‘விழிப்பு’ என்று அடித்தார்.

“தவறான சொல். காத்திருக்கவும்” என்றது பூட்டு. தேனில் நனைத்தெடுத்த பெண்குரல்.

காமிராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அவசரத்தில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். மறுபடி, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தையும் உச்சரித்துக்கொண்டே அடித்தார்.

“தவறான சொல். மேலும் காத்திருக்கவும்.”

சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. தவறு நேரும்தோறும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும் என்பதையும், ஓர் அளவைத் தாண்டினால் மறுநாள் காலை வரை பூட்டு வாய் திறக்காது என்பதையும் சற்றுமுன்தான் காமிராவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

கைப்பேசியை எடுத்தார். சிக்னல் இல்லை. அலுமினியத் தாள் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. வைஃபையும் இல்லை. ரூட்டரை அணைத்துவிட்டுப் போகும் உத்தமி அவர் மனைவி. ஜன்னலை மூடியிருந்த பஞ்சுப் பலகையின் ஒரு மூலையைப் பிய்த்து, கையைக் கம்பிக்கு வெளியே நீட்டியபோது ஒரே ஒரு கோடு தலைகாட்டியது. கையை மடக்கித் தலையை வெளிப்பக்கம் சாய்த்து, கழுத்து சுளுக்கிக்கொள்ளும் கோலத்தில் மகளை அழைத்தார்.

“அம்மு, நான்தான். பூட்டு திறக்கல. பாஸ்வேர்டு என்ன?”

வண்டி இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் துண்டு துண்டாக வந்தது. “அப்பறம்பா.”

“என்ன அப்பறம்? நான் உள்ள மாட்டிட்டிருக்கேன். இப்பவே வேணும்.”

“அதான்பா, அப்பறம்! காலைல... நீங்களே... சொன்னீங்களே!” சிரிப்பும் கேட்டது. பின்னாலிருந்து மனைவியின் குரல் எதற்கோ அதட்டியது. இணைப்பு அறுந்தது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. காலையில் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிறாளா? தலைக்கு மேல் வளர்ந்த பிள்ளை, ஊருக்குப் போகிற நாளில் விளையாடுகிற விளையாட்டா இது? ‘அப்பறம்’ என்றால் எப்போது? ஸ்டேஷனில் வைத்துச் சொல்லுவாளோ? ஸ்டேஷனுக்கு நான் எப்படிப் போவதாம்? மறுபடி அழைக்க விரல் துடித்தது. ஆனால் மனம் முறுக்கிக்கொண்டது. ஊருக்கெல்லாம் பூட்டு திறக்கச் சொல்லிக்கொடுக்கிறவன், பெற்ற பிள்ளையிடம் கெஞ்சுவதா? என்ன பெரிய சொல். அவள் மனத்தில் இருக்கும் சொல்தானே? நானே கண்டுபிடிக்கிறேன் என்று நாற்காலியைக் கதவுக்கு முன் இழுத்துப் போட்டார்.

காத்திருக்கும் நேரம் முடிந்ததும், அவள் சிறுவயதில் வளர்த்த பூனையின் பெயரை அடித்தார். தவறான சொல். நீண்ட காத்திருப்புக்குப் பின், அவளுக்குப் பிடித்த ‘மழை’யை அடித்தார். தவறான சொல். அதன்பின் ‘மழை’யை வேறு விதமாக எழுதியிருப்பாளோ என்ற ஐயம் வந்தது. ‘இசட் எச்’ போடுவாளா, ‘எல்’ போடுவாளா? பெற்று வளர்த்த மகள் ழகரத்தை எப்படி எழுதுவாள் என்று தமக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. திருடனுக்காக அவர் வெட்டி வைத்த குழியில் அவரே கால் வைத்து நின்றார். பூட்டோ ஒவ்வொரு முறையும் அதே தேன்குரலில், அதே பொறுமையோடு, காத்திருக்கச் சொன்னது.

திருகாணிகளைக் கழற்றலாமென்றால் அவை கதவின் விளிம்பில், கதவு திறந்திருந்தால் மட்டுமே தெரியும் இடத்தில் இருந்தன. பேட்டரி வெளிப்பக்கம் இருந்தது. கீல்களும் வெளிப்பக்கம். இவற்றையெல்லாம் இந்தப் பூட்டின் நற்குணங்கள் என்று ஒவ்வொன்றாக விரல்விட்டு அவர் பேசியது காமிராவுக்குள் பத்திரமாகப் பதிவாகியிருந்தது. தோளால் ஒருமுறை கதவை மோதிப் பார்த்தார். கதவு அசையவில்லை. தோள்தான் ‘ஐயோ’ என்றது.

ஒரு முயல் இருந்ததாம். நரிக்குப் பயந்து அது தன் வளைக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்ததாம். மழை வரும் வழியை அடைத்தது. பாம்பு வரும் வழியை அடைத்தது. கடைசியில் தான் வரும் வழியையும் உள்ளிருந்தே அடைத்துவிட்டு, “இனி நரிக்கு இங்கே வேலையில்லை” என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டதாம். மேலே மேய்ந்துகொண்டிருந்த ஆமை மண்ணில் காதை வைத்துக் கேட்டதாம்: “அண்ணே, புல்லுக்கு?” சிறுவயதில் இதைக் கேட்டபோது சொடுக்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தவர். இப்போது அந்த ஆமையின் கேள்வி அவருக்கு நன்றாகக் காதில் விழுந்தது. சிரிப்புதான் வரவில்லை.

முறுக்கு தளர்ந்து அவர் மீண்டும் ஜன்னலுக்குப் போனபோது, காற்றுச் சந்தின் உச்சியில் வெயில் ஒரு பக்கச் சுவருக்கு மாறியிருந்தது. அம்முவை அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. விமானப் பயன்முறை! நேற்றிரவு சாப்பிடும்போது, “கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடு அம்மு, இறங்குற வரைக்கும் சார்ஜ் நிக்கும்” என்று சொன்னவர் அவரேதான். அவருடைய குறிப்புகளை வரி பிசகாமல் கேட்கும் மகள். மனைவியை அழைத்தார். மணி அடித்தது, ஆனால் அங்கே அது யாருக்கும் கேட்காது. பெரியம்மா வீட்டுக்கு அழைத்தார்.

“இப்பதான் தம்பி கிளம்பினாங்க. நீங்க அங்க அவளுக்காகக் காத்திட்டிருக்கீங்கன்னு புள்ளைக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? ‘அப்பாவும் நானும் மட்டும் பெஞ்சுல உக்காந்து பேசப் போறோம்’னு சொல்லிட்டே போச்சு.”

சொடுக்குக்காரர் “சரிங்க” என்று மட்டும் சொன்னார். தம் நிலையைச் சொன்னால் அந்த அம்மாள் மட்டும் என்ன செய்துவிட முடியும்? பூட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தார். இன்று விடுமுறை என்றும், அவசர உதவிக்கு இணையதளத்தைப் பார்க்கலாம் என்றும் ஒரு குரல் தெரிவித்தது. அதுவும் அதே தேன்குரல்தான்.

பஞ்சுப் பலகை முழுவதையும் பிய்த்தெறிந்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிக் கத்தினார். “யாராவது இருக்கீங்களா? காப்பாத்துங்க! உள்ள மாட்டிக்கிட்டேன்!”

மேல்வீட்டு ஜன்னல் திறந்தது. அங்கே குடியிருக்கும் நர்ஸம்மாவின் தலை தெரிந்தது.

“சார், ஷூட்டிங்கா?”

“இல்லம்மா! நிஜமாவே மாட்டிக்கிட்டேன்!”

“ஆகா, நடிப்பு பிரமாதம் சார்! போன வாரம் மிக்ஸி போட்டு உங்க வீடியோவக் கெடுத்துட்டேன்னு வருத்தப்பட்டீங்களே, இன்னிக்கு ஒரு சத்தமும் வராது. நீங்க நிம்மதியா முடிங்க.”

“அம்மா, நான் சொல்றதக் கேளுங்க!”

“போதும் சார், எனக்கே கண்ணு கலங்குது!” என்று சொல்லிவிட்டு, அவருடைய படப்பிடிப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று அந்த நல்ல மனுஷி தன் ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டாள். அதன்பின் அவர் எவ்வளவு கத்தியும் அது திறக்கவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்தார். பிய்ந்த பஞ்சு சுற்றிலும் இறைந்து கிடந்தது. அறையில் காற்று கனத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதவின் மறுபக்கம், வெளியறையில், அம்முவின் பெரிய பெட்டி நிற்கிறது. கைக்கெட்டும் தூரத்தில்தான், ஒரு பலகையின் கனத்துக்கு அப்பால். அங்கே ஸ்டேஷனில், ஒரு பெஞ்சில், அவள் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து, யாரும் உட்காராமல் காத்துக்கொண்டிருப்பாள். அந்த ஒரு மணி நேரம் இந்நேரம் தொடங்கியிருக்கும். அவரில்லாமலேயே நடந்துகொண்டிருக்கும்.

எத்தனையோ நாள் எத்தனையோ பேருக்குப் பூட்டிய கணினிகளைத் திறந்து கொடுத்திருக்கிறார். பாஸ்வேர்டு மறந்தவர்கள் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது மனத்துக்குள் லேசாக நகைத்திருக்கிறார். அவர்களுக்கு மறந்ததாவது ஒரு காலத்தில் தெரிந்த சொல். இவருக்கோ, சொல்ல வந்தவளைத் தடுத்து நிறுத்திய சொல்.

அவளுக்கு ஒரு செய்தியாவது எழுதி வைப்போம், எப்போதாவது போய்ச் சேரட்டும் என்று எழுந்து, ஜன்னலோரம் சாய்ந்து, கைப்பேசியின் எழுத்துப் பலகையைத் திறந்தார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதே அவர் வழக்கம். ‘அம்மு’ என்று தொடங்க ‘ஏ’யை அழுத்தினார்.

எழுத்துகளுக்கு மேலே உள்ள பட்டையில் மூன்று சொற்கள் தாமாக எழுந்து நின்றன. இடப்பக்கம் ‘அம்மு’. வலப்பக்கம் ‘அலுவலகம்’. நடுவில், தடித்த எழுத்தில், ஐந்தே எழுத்தில் ஒரு சொல்: ஏ, பி, ஆர், ஏ, எம்.

அப்றம்.

‘உங்க கைப்பேசி உங்களைக் கவனிச்சிட்டே இருக்கு நேயர்களே. நீங்க அதிகமா அடிக்கிற சொல்லை நடுவுல வெச்சுக் காட்டும். அது உங்க கண்ணாடி மாதிரி!’ இதுவும் அவர் சொன்ன குறிப்புதான்.

அவர் அந்தக் கண்ணாடியை வெறித்துப் பார்த்தார். மனைவி கேட்டதற்கெல்லாம் அப்றம். பெரியம்மா வீட்டு விருந்துக்கு அப்றம். அம்முவின் ‘அப்பா ஒண்ணு பேசணும்’ என்பதற்கு, ஒருமுறையல்ல, அப்றம், அப்றம், அப்றம். விரல் முழுச் சொல்லையும் அடிக்கச் சோம்பியபோதெல்லாம் கைப்பேசியே நிரப்பிக் கொடுத்த அப்றம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். அப்பறம் என்றாள். காலையில் நீங்களே சொன்னீங்களே என்றாள். என்னன்னு சொல்லட்டா என்று அவள் கேட்டபோது நான் சொன்ன சொல் எது? அதற்கு அவள், ‘ஆமாம்பா, அதேதான்’ என்றாளே!

பிள்ளை விளையாடவில்லை. கேட்ட உடனே, கேட்டபடியே, தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்.

கதவை நோக்கிப் பாய்ந்தவர், எழுத்துப் பலகைக்கு முன் வந்து நின்றார். காத்திருப்பு முடிந்து பச்சை விளக்கு மினுங்கியது. அதற்குக் கீழே ஓர் எச்சரிக்கை. இன்னும் ஒரே வாய்ப்பு. தவறினால் நாளைக் காலைதான்.

சொல் தெரிந்துவிட்டது, எழுத்து? ‘அப்புறம்’ என்று இலக்கணமாக எழுதியிருப்பாளா? ‘அப்பறம்’ என்று பேசுகிறபடி எழுதியிருப்பாளா? ‘பி’ ஒன்றா இரண்டா? நடுவில் ‘யூ’வா ‘ஏ’யா? பிழை திருத்தியே பழகிய விரல் இலக்கணத்தின் பக்கம் சாய்ந்தது. ‘ஏ’ அடித்தார், ‘பி’ அடித்தார், இரண்டாவது ‘பி’யின் மேல் விரல் நின்றது.

இல்லை. இது அவளுடைய சொல் இல்லை. என்னுடையது. என்னிடமிருந்து இத்தனை நாளாக அவள் கைப்பேசிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அப்படித்தான் எழுதியிருப்பாள்.

ஆர். ஏ. எம்.

இரண்டு நாக்குகளும் ‘டக், டக்’ என்று உள்ளே போயின.

“போய் வாருங்கள்” என்றது பூட்டு.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்த காமிராவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு, செருப்பு ஒன்று மாறிப்போட்டதுகூடத் தெரியாமல், படியில் இறங்கி ஓடினார். டாக்சி ஓட்டுநர், “சார், சிக்னல்ல பறக்கச் சொன்னா எப்படி சார்? இது வண்டி, விமானம் இல்ல” என்றார். விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் அம்முவை மறுபடி அழைத்துப் பார்த்தார்; தொடர்பு எல்லைக்கு வெளியே.

பிளாட்பாரத்தில் அவர் நுழைந்தபோது, வண்டி புறப்படுவதற்கான அறிவிப்பு முடிந்துகொண்டிருந்தது. மனைவி தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதன்மேல் இடம்பிடித்துக்கொண்டு அம்முவின் கைப்பை. அம்மு ஓடி வந்து பெட்டியின் மறுகைப்பிடியைப் பற்றினாள். இருவரும் சேர்ந்து அதை ரயிலின் வாசலில் ஏற்றினார்கள். யாரோ உள்ளிருந்து இழுத்துக்கொண்டார்கள்.

“என்னப்பா ஆச்சு? திறக்கலையா? நான்தான் போன்லயே சொன்னேனே!”

“சொன்னே அம்மு. சரியாத்தான் சொன்னே. எனக்குத்தான் கேக்கல.”

மனைவி கைப்பையைக் கொண்டுவந்து அவள் தோளில் மாட்டினாள். “ஏறுடி, ஏறு. பேச்செல்லாம் இருக்கட்டும்.”

அம்மு ஏறி வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார்.

“அம்மு, என்னவோ சொல்லணும்னியே? சொல்லு. இப்ப சொல்லு!”

எஞ்சின் ஊதல் குறுக்கே பாய்ந்தது. அவள் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. “என்ன? என்ன?” என்று காதில் கையைக் குவித்துக்கொண்டு ஓடினார். அவள் தலையசைத்துச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு அவருக்குப் புரியட்டும் என்று மெதுவாக ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். வாய் திறந்தது; உதடுகள் கூடின; பிரிந்தன; மறுபடி கூடி மூடிக்கொண்டன.

அந்தச் சொல்லைப் படிக்க அவருக்குக் காது தேவைப்படவில்லை.

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தபின் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். “செருப்பைப் பாருங்க. ஒண்ணு உங்களது, ஒண்ணு என்னது.” அவர் குனிந்து பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வாள். இன்று சேர்க்கவில்லை.

“அவ என்ன சொல்ல வந்தான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லேன்.”

“அது உங்களுக்கு வெச்சது. நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது.”

காலியாகிவிட்ட அந்தப் பெஞ்சில் போய் அவர் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்து ‘ஏ’யை அழுத்தினார். நடுவில் அந்தத் தடித்த எழுத்துச் சொல் விசுவாசமாக எழுந்து நின்றது. அதைத் தொடாமல், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அம்மு, சொல்லு.

இங்கே சிக்னலுக்குக் குறைவில்லை. செய்தி உடனே பறந்தது. அதன் ஓரத்தில் ஒரு குறி விழுந்தது. அவள் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டாவது குறி விழும். விமானப் பயன்முறை, இறங்குகிற வரைக்கும். ஓர் இரவும் மறுநாள் பகலில் பாதியும். வரி பிசகாமல் கேட்கிற பிள்ளை.

“வீட்டுக்குப் போலாமா?” என்றாள் மனைவி.

அவருடைய வாய் வழக்கம்போலத் திறந்து, அந்தச் சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றது. தலையை மட்டும் அசைத்துவிட்டு, அந்த ஒற்றைக் குறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.